கல்லாற்றுக்குப் போன மேசை

திருவனந்தபுரத்தில், ஆற்று வெள்ள எச்சரிக்கை அனுப்பும் ஓர் ஆபீஸில், ரெம்யாவின் மேசை தானாக வாசலை நோக்கி நகர்ந்துவந்தது. யாரும் தள்ளவில்லை. அவள் ஒரு யோசனை சொல்வாள், சூப்பிரண்டு கல்யாணராமன் "பார்க்கலாம்" என்பார், மறுநாள் காலையில் மேசை ஒரு தரைக்கல் தள்ளி நிற்கும். பெருக்க வரும் மாடம்மாள் காலியான இடத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டுப் போவாள். யோசனை ஒன்றும் பெரிய வித்தையில்லை. பொன்முடி மலையில் மழை கொட்டினால் கீழே கல்லாற்றில் குளிப்பவர்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். ஆபீஸிலோ மலைச் செய்தியை டைப் செய்து, கிளார்க் லலிதாம்பாள் உரக்க வாசிக்க, கல்யாணராமன் வரிக்கு வரி விரல்வைத்துச் சரிபார்த்து, டீ குடித்து, கையெழுத்துப் போட்டால்தான் எச்சரிக்கை கிளம்பும். போன மழைக்காலத்தில் ரெம்யாவின் சித்தி மகன் ஜினு ஆற்றோடு போனபோது, ஆபீஸில் எச்சரிக்கையை இரண்டாம் முறை வாசித்துக்கொண்டிருந்தார்கள். மலையில் மழை கூடியதுமே கல்லாற்றுக் கடைக்காரர்களின் போனில் நேராக மணி அடிக்கட்டும் என்றாள் ரெம்யா.

"சரிபாக்காம எப்படிம்மா அனுப்பறது? நாளைக்கு நான்தானே பதில் சொல்லணும்? பார்க்கலாம்."

"வெள்ளம் சரிபாத்துட்டா சார் வருது?"

செவிடன் காதில் ஊதிய சங்கு. மேசைக்காவது போகத் தெரிந்தது. அது வராந்தா கடந்து, படியிறங்கி, நெடுமங்காடு ரோட்டில் பஸ்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தது. ரெம்யா தினமும் அது நிற்கும் இடத்தில் இறங்கி வேலை பார்த்தாள். "சேச்சி, மேசை விதுரா தாண்டியாச்சு கேட்டோ" என்று கண்டக்டர் ஷைஜு தாமே டிக்கெட்டை மாற்றிக் கிழிப்பார். அடுத்த மழைக்காலத்துக்குள் அது கல்லாற்றங்கரையில் ஒரு பாறையருகே நின்றுவிட்டது. ஒரு மத்தியானம் மலை இருண்டு, தண்ணீர் கலங்கியது. ரெம்யா கரையோடு ஓடினாள். "ஏறுங்க, எல்லாரும் மேல ஏறுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கடைசிக் குழந்தையும் கரையேறியபின் வெள்ளம் மேசையின் டிராயரை நனைத்துக்கொண்டு போனது. ஆபீஸ் எச்சரிக்கை மறுநாள் வந்தது. அதில் ஒரு பிழையும் இல்லை.

வருடாந்தரக் கூட்டத்தில் கல்யாணராமன் எழுந்தார். "இந்த வருஷம் கல்லாத்துல ஒரு உயிர்கூடப் போகலை, பாத்தேளா? நம்ம முறைக்கு என்ன குறைச்சல்?" எல்லோரும் கைதட்டினார்கள். லலிதாம்பாளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சரிபார்க்காமல் கத்தியதற்காக ரெம்யாவுக்கு மெமோ வந்தது. படித்ததும் ஜினுவை நினைத்து அழுதாள், பிறகு மெமோவை ஈர டிராயரில் போட்டு மூடினாள். ஆபீஸில் அவள் இருந்த இடத்தில் வாட்டர் கூலர் வைத்திருக்கிறார்கள். மேசை அதன்பிறகு நகரவில்லை. குளிக்க வருகிறவர்கள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, செருப்பை அதன் அடியில் விட்டு ஆற்றில் இறங்குகிறார்கள்.