முன்கூட்டியே போட்ட மொட்டை

ஓக்லண்ட் பேஸ்பால் அணி ஊரை விட்டுப் போகக் கூடாதென்று வேண்டிக்கொண்டு, பக்கத்து ஊரான பிளசன்டனில் இருக்கும் கோபாலசாமி முன்கூட்டியே மொட்டை போட்டுக்கொண்டார். "பலிச்ச பிறகுதாங்க போடுவாங்க!" என்று மனைவி சாந்தாமணி தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த மாதமே அணி மூட்டை முடிச்சோடு வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டது.

பக்கத்து வீட்டு நெடுஞ்செழியன் எதிரணியான சான்பிரான்சிஸ்கோவின் ரசிகர். வேலிக்கு மேலாகத் தன் அணியின் ஆரஞ்சுத் தொப்பியை நீட்டினார்.

"வெயில் மண்டையப் பொளக்குது, போட்டுக்குங்க சார். எங்க டீம் எங்கயும் போகாது. அடுத்த வருஷம் கப்பும் எங்களுக்குத்தான்."

கோபாலசாமி தொப்பியை வாங்கி அவர் பக்கமே விட்டெறிந்தார். மண்டையைத் தடவினார், முள்முள்ளாகக் குத்தியது.

"செரைச்சுப் போட்ட மசுரே திரும்பி வருது! இருபது வருஷம் தொண்டை கிழியக் கத்தினேன். இவனுங்க திரும்பியாவது பார்த்தானுங்களா?"