அலுமினியப் பொனட்

யா அல்லாஹ், நான் எவ்வளவு பெரிய மடையன்! இஸ்ஹாக் நாநா மதுரங்குளியிலுள்ள என் கராஜுக்கு சிக்னல் லைட்டைக் காட்டத்தான் காரைக் கொண்டுவந்திருந்தார். வயரைத் தேடிப் பொனட்டைத் தூக்கினால், பிணைச்சல் ஓரம் கோதுமை மா தூவியதுபோல் வெள்ளைத் தூள். போல்ட்டைத் தொட்டேன், ஆடியது.

அவருடைய மனைவி நிஸ்மியா லீவு நாட்களில் பொனட்டின் மேல் சாக்கை விரித்து உப்பில் ஊறிய சூடை மீனைக் காயப்போடுவார். அவர்கள் ஊரான கற்பிட்டியில் அதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. நாய் எட்டாது, மணல் ஒட்டாது, சூட்டில் சீக்கிரம் காயும். அப்படித்தான் பழைய இரும்புப் பொனட் உக்கிப்போனது. போன வருடம் நான் அலுமினியத்தில் ஒன்று மாட்டிக் கொடுத்தேன். ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டி, “இது துருப்பிடிக்காது, பயமில்லாமக் காயப்போடச் செல்லுங்க அவங்கட்ட” என்று வாய் கிழியப் பேசினேன். அலுமினியத்துக்குத் துரு இல்லைதான். ஆனால் இரும்பு போல்ட்டோடு சேர்த்து உப்புத்தண்ணீர் பட்டால் அது கரைந்துபோகும். நடுவில் ரப்பர் வாஷர் வைக்க வேண்டும். அன்று கையில் வாஷர் இல்லை, ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கும் சொல்லிவிட்டார்கள். பிறகு வைக்கலாம் என்று விட்டவன், அப்படியே மறந்துபோனேன்.

தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து, சண்டை முடிந்தும் திரும்பிப் போகாத என்னை நம்பி, “நௌஃபர் கள்ளவேல செய்ய மாட்டான்” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் இந்த மனிதர்.

“கார விட்டுட்டுப் போங்க நாநா, ரெண்டு நாள் வேணும்.”

“வெளாடுறியா? நாளைக்கு அஞ்சு புள்ளைகளுக்கு ஸ்கொலர்ஷிப் சோதன. என்ட மகள் முஃபீதாவும் போறா. நான்தானே ஏத்திட்டுப் போகணும்?”

பெரிய வாஷர் போட்டு, மேலே பூட்டிப் பசையை அப்பி அனுப்பிவிடலாம். ஒருவருக்கும் தெரியவராது. பூட்டி டின் வரைக்கும் என் கை போனது. களப்பு நீரைத் தாண்டி வரும் காற்று இந்த இலேசான தகட்டைப் பிடுங்கிக் கண்ணாடியில் அறைந்தால், அவருக்கு ரோட்டே தெரியாது. உள்ளே ஐந்து பிள்ளைகள். கையை இழுத்துக்கொண்டேன்.

“நாநா, பிழ என்னோடது. வாஷர் வெக்காம மாட்டிட்டன். ஓட்டையெல்லாம் அரிச்சிப் பெருத்திட்டு. காத்துக்குக் கழண்டு அடிக்கும்.”

அவர் குனிந்து அந்த வெள்ளைத் தூளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“நேத்தும் அவ இதுலதான் கருவாடு போட்டா” என்றார். “நீ செல்லித்தானே போட்டா?”

போல்ட்டுகளைக் கழற்றினேன். இரண்டு விரலாலேயே வந்துவிட்டன.

“மழ இல்ல. நாளைக்கு இது இல்லாமலே போங்க. இஞ்சின் வெளிய தெரியும், வேற ஒண்டுமில்ல.”

அவர் ஏறி, நான் சரிசெய்து கொடுத்த சிக்னல் லைட்டை ஒரு தரம் போட்டுப் பார்த்துவிட்டுக் காரைக் கிளப்பினார். சலாம் சொல்லவில்லை. வாய் பிளந்த இஞ்சினோடு கார் சந்தியைத் தாண்டும்போது தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள்.

பொனட்டை ஒற்றைக் கையில் பிடித்தபடி நின்றேன். பாரமே இல்லை. அரித்த ஓட்டைக்குப் பக்கத்தில் சூடைச் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை.