எண்ணெய் குறைகிற வீடு

அரிசி குறைந்தால் எலியைக் குற்றம் சொல்லலாம். சீனி குறைந்தால் எறும்பைச் சொல்லலாம். தேங்காயெண்ணெய் குறைந்தால் யாரைச் சொல்வது? புரட்டாசி பிறந்ததிலிருந்து மாடத்திக்கு இதே யோசனைதான். அடுப்படி அலமாரியில் நிற்கும் கண்ணாடிப் பாட்டிலைக் காலையில் ஒருதரம், விளக்கு வைக்கும் நேரத்தில் ஒருதரம் பார்த்துக்கொள்வாள். பார்க்கப் பார்க்க அது இறங்கிக்கொண்டே வந்தது.

அவள் வீட்டில் தேங்காயெண்ணெய்க்கு அப்படியொன்றும் பெரிய வேலை கிடையாது. சட்டியில் ஊற்றக் கடலையெண்ணெய், இட்லிப்பொடிக்கு நல்லெண்ணெய். தேங்காயெண்ணெய் தலைக்கு மட்டும்தான். மகள் பானுப்பிரியாவுக்கு இடுப்பைத் தாண்டித் தொங்குகிற முடி என்பது வாஸ்தவம். ஆனால் அந்த முடி இந்த மாதம் புதிதாக முளைத்ததில்லையே. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வாய்விட்டுக் கேட்டேவிட்டாள். மகள் தட்டைப் பார்த்தபடி இருந்தாள். புருஷன் சங்கிலிமுத்துதான் முந்திக்கொண்டான்.

"நான்தான் குடிக்கேன்."

"எதைக் குடிக்கீக?"

"தேங்காண்ணெயத்தான். வெறும் வயித்துல ஒரு கரண்டி குடிச்சா தொப்பை கரையுமாம், சுகரு அடங்குமாம், தோலு மினுமினுன்னு ஆயிருமாம். போன்ல ஒருத்தரு சொல்லுதாரு."

மறுநாள் காலையில் அவள் கண்முன்னாலேயே ஒரு கரண்டி ஊற்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிக் காட்டினான். விருதுநகர் மிளகாய்வத்தல் குடோனில் மூட்டை தூக்கித் தூக்கி வயிறு முதுகோடு ஒட்டிப்போன மனுஷன் அவன். அவனுக்கு எங்கிருந்து தொப்பை வந்தது, எந்தக் கல்யாணத்துக்குத் தோல் மினுமினுக்க வேண்டும் என்று அவளுக்கு விளங்கவில்லை. பக்கத்து வீட்டு ஜெனிட்டா அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கொழுப்பக் குடிச்சுக் கொழுப்பக் கரைக்காகளாக்கும் அண்ணன். ஒரு கரண்டிதானக்கா, ஒண்ணும் செய்யாது. விடுங்க."

ஒரு கரண்டி ஒன்றும் செய்யாது. ஆனால் ஒரு கரண்டிக்கு இம்புட்டுக் குறையவும் குறையாது. மாடத்திக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் தேங்காயெண்ணெய் கூடுதலாகச் செலவாவதற்கு அந்த வட்டாரத்தில் இன்னொரு காரணமும் உண்டு. அதை அவள் அறிந்த மாதிரி யாரும் அறிந்திருக்க முடியாது.

பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவர்கள், மருந்து ரூமுக்குள் போவதற்கு முன்னால் தேங்காயெண்ணெயை அள்ளி உடம்பில் பூசிக்கொள்வார்கள். முகம், கழுத்து, முழங்கை, மயிர்க்கால், காதுமடல் என்று ஓரிடம் விடக்கூடாது. விட்டால் அலுமினியப் பவுடர் தோலில் அப்பிக்கொள்ளும், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. எண்ணெய் இருந்தால் பவுடர் எண்ணெயோடு வழுக்கி வந்துவிடும். பூசி முடித்ததும் உள்ளங்கையை மட்டும் துணியில் அழுத்தித் துடைத்துக்கொள்வார்கள், எண்ணெய்ப் பிசுக்கு மருந்தில் படக்கூடாது. போனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போவார்கள். சங்கிலிமுத்து கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் போய்வந்தான். அவன் தம்பி மாரிக்கண்ணனும் அதே ரூம்தான்.

முந்தின நாள் கலந்து மிச்சம் வைத்த மருந்தைக் காலையில் தொட்டதுதான் மாரிக்கண்ணன் செய்த தப்பு. இரவு ஈரத்தில் கிடந்த மருந்து புழுங்கிச் சூடேறிப்போய், தொட்டதும் வெடித்துவிட்டது. அன்றைக்குச் சங்கிலிமுத்துக்குக் காய்ச்சல், அதனால் அவன் வீட்டில் கிடந்தான். ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டியபோது மாடத்தி முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க முகமும் இல்லை. தேங்காயெண்ணெய் வாசம்தான் முதலில் வந்தது. அவள்தான் அன்று காலையில் கொழுந்தனுக்கு எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக் கொடுத்திருந்தாள். அன்று சாயங்காலமே சங்கிலிமுத்து அவள் உச்சந்தலையில் கை வைத்து, இனி மருந்து ரூம் வாசப்படியை மிதிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தான். அதற்குப் பிறகுதான் சொந்தக்காரப் பையன் முனியராஜோடு வத்தல் குடோனுக்குப் போக ஆரம்பித்தான்.

இப்போது சீசன் உச்சத்தில் இருந்தது. தீபாவளி நெருங்க நெருங்க, மருந்து கலக்கத் தெரிந்த கைக்குக் கம்பெனிகள் ஆலாய்ப் பறந்தன. பட்டாசுக் கம்பெனிப் பழைய போர்மேன் ஆண்டிச்சாமி இந்தத் தெருப் பக்கம் பைக்கில் வந்துபோனதாக யாரோ சொன்னார்கள். மாடத்தி மறுபடி பாட்டிலைப் போய்ப் பார்த்தாள். சத்தியம் பண்ணின ஆள் பொய் சொல்வானா? கரண்டி எண்ணெயை மூக்கைப் பிடித்துக் குடித்துக் காட்டுகிற ஆள் என்னதான் செய்யமாட்டான்?

கேட்டால் மழுப்புவான். அதனால் அவள் கேட்கவில்லை. ஒருநாள் விடிகாலையில் எழுந்து, பாட்டிலில் இருந்த எண்ணெயை ஒரு டப்பாவில் ஊற்றி அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாள். வெறும் பாட்டிலை அலமாரியில் கவிழ்த்தாள்.

"எண்ணெய் தீந்துபோச்சு. செக்குல போய் வாங்கணும். இன்னைக்கு ஒருநாள் உங்க தொப்பை கரையாட்டி ஒண்ணும் கொறஞ்சு போகாது," என்றாள்.

சங்கிலிமுத்து கவிழ்ந்த பாட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். மகளும் பார்த்தாள். அவள் சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் பைண்டிங் வேலைக்குப் போகிறாள். அடுத்த வருஷம் ஜெனிட்டா மாதிரி நர்சிங் படிக்க வேண்டும், அதற்குள் கையில் கொஞ்சம் சேர்த்துக்கொள்வோம் என்று அவளாகத் தேடிக்கொண்ட வேலை. பகலில் கூப்பிட்டால் போனை எடுக்கவே மாட்டாள். கேட்டால் மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்பாள். இரண்டு பேரும் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்கள்.

பகல் முழுக்க மாடத்திக்கு வேலை ஓடவில்லை. வீட்டில் உட்கார்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறவள் அவள். அன்று உருட்டிய குழாய் பாதி கோணலாக வந்தது. தூரத்தில் லாரி டயர் வெடித்தால்கூட எழுந்து வாசலுக்குப் போய் ஆனைக்குட்டம் பக்கம் வானத்தைப் பார்த்தாள். கம்பெனிகள் அந்தப் பக்கம்தான்.

பொழுது சாயச் சங்கிலிமுத்து வந்தான். முகம் கழுவக்கூட விடவில்லை அவள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டியூப்லைட்டுக்குக் கீழே நிறுத்தினாள். நகக்கண், விரலிடுக்கு, பிடரி என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். வத்தல் தூசிதான் இருந்தது. முகர்ந்தாள், நெடியில் தும்மல் வந்தது. சாம்பல் மினுக்கம் ஒரு பொட்டுகூட இல்லை.

"என்ன, போலீசு மாதிரி சோதனை போடுத?"

"ஒண்ணுமில்ல. சும்மா," என்றவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அன்றைக்கென்று அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை அடுப்பில் ஏற்றினாள். மனசு லேசாகி, தனக்குத்தானே பேசிக்கொண்டு புளி கரைத்தாள்.

மகள் வந்தது கொஞ்சம் பிந்தித்தான். துப்பட்டாவைத் தலையோடு சுற்றியிருந்தாள். தலைவலி என்று முனங்கிவிட்டு நேராகக் குளிக்கப் போனாள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. குழம்பு கொதித்து இறக்கியும் ஆயிற்று, அவள் வெளியே வரவில்லை.

மகள் குளித்து வந்ததும் மாடத்தி அரிசிப் பானைக்குள் கையை விட்டு டப்பாவை எடுத்தாள். இன்றைக்கு அவளுக்கு எல்லாரையும் கொஞ்ச வேண்டும்போல் இருந்தது.

"வா பாப்பா, உக்காரு. எண்ணெய் தேய்ச்சு விடுதேன். தலைவலி பறந்துரும்."

"எண்ணெய் தீந்துபோச்சுன்னியேம்மா?"

"இருக்கு, வா."

"வேண்டாம்மா. தூக்கம் வருது."

"வான்னு சொல்லுதேன்ல," என்று கையைப் பிடித்து இழுத்து முன்னால் உட்காரவைத்தாள். ஈர முடியைப் பிரித்து உச்சியில் எண்ணெய் வைத்தாள். மகளின் தோள் விறைத்துக்கொண்டது. முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் விரலைக் கொண்டுபோனபோது விரல் நின்றுவிட்டது. அங்கே தோல் சாம்பல் நிறத்தில் மினுங்கியது. எண்ணெய் விரலால் ஒரு இழுப்பு இழுத்தாள். விரல் நுனி வெள்ளியாக வந்தது.

எலிக்கு வைத்த பொறியில் வீட்டுக் கோழிக்குஞ்சு வந்து விழுந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

"எத்தன நாளாடி?"

பானுப்பிரியா திரும்பவில்லை. "அப்பாவத்தான் கூப்பிட வந்தாரும்மா அந்தப் போர்மேன். அப்பாவும் சரின்னுட்டாரு. என் படிப்புக்குத்தான. அப்பா போனா நீ செத்துருவேன்னு எனக்குத் தெரியும். அதான் நான் போறேன்னேன். தீபாவளி வரைக்குந்தாம்மா. அப்புறம் அந்தப் பக்கமே போகமாட்டேன்."

தீபாவளி வரைக்கும்தான். மாரிக்கண்ணன் வருஷா வருஷம் இதையேதான் சொன்னான்.

மாடத்தி நிமிர்ந்து பார்த்தாள். சங்கிலிமுத்து கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தான். மகளுக்கு எண்ணெய் பூசக் கற்றுக்கொடுத்தது யார், பாட்டில் குறைந்ததற்குக் கணக்குச் சொல்லத்தான் கரண்டியில் குடித்துக் காட்டினானா என்றெல்லாம் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவன் முகமே சொல்லிற்று. கையிலிருந்த சீப்பை அவன் மேல் வீசினாள். அது நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்தது. அவன் விலகவில்லை.

"நீங்கல்லாம் ஒரு தகப்பனா? தம்பிய அள்ளிக் கட்டிக் கொண்டாந்தது மறந்துபோச்சா உங்களுக்கு?"

"தப்புத்தான் மாடத்தி," என்றான். "நாளையிலருந்து அவ போகமாட்டா. நானே ஆண்டிச்சாமிட்ட சொல்லிக்கிடுதேன்."

"அப்பா," என்றாள் பானு மெதுவாக. "பாதி மருந்து கலந்து அப்படியே மூடி வச்சிருக்கு. மழை வர்ற மாதிரி இருந்துச்சுன்னு வேலைய நிறுத்தச் சொல்லிட்டாக. காலைல அத முடிக்கணும்னு சொன்னாரு. நான் போகலன்னா ரோஜாவத்தான் உள்ள விடுவாக. அவ வந்து ஒரு வாரங்கூட ஆகல, அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"எவ எக்கேடு கெட்டா உனக்கென்ன?" மாடத்தி கத்தினாள். அப்படிக் கத்தியது தப்பு என்று அப்போதே தெரிந்தது. ஆனாலும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு அந்த நேரத்தில் உலகத்தில் ஒரு பெண்தான் இருந்தாள்.

சங்கிலிமுத்து குனிந்து சீப்பை எடுத்து அலமாரியில் வைத்தான். "நான் பாத்துக்கிடுதேன் தாயி," என்றான் மகளிடம்.

காலையில் வீடு வேறு மாதிரி இருந்தது. பானு போர்வைக்குள் சுருண்டு தூங்கினாள். தூங்குகிற மகளை மாடத்தி இரண்டுதரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கோபம் இன்னும் மிச்சம் இருந்தாலும், மலையை இறக்கி வைத்த மாதிரி மூச்சு சுலபமாக வந்தது. சங்கிலிமுத்து குளித்துவிட்டு அடுப்படிக்கு வந்தான். எண்ணெய் டப்பா அவள் பக்கத்தில் இருந்தது.

"கொஞ்சம் எண்ணெய் தாயேன். மேலெல்லாம் ஒரே எரிச்சல். நேத்து இறக்கினது பூராம் குண்டூர் வத்தலு."

"குடிக்கவா?"

அவன் லேசாகச் சிரித்தான். "இனிமே எதுக்குக் குடிக்க?"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டப்பாவை அவனிடம் கொடுக்காமல் தானே உள்ளங்கையில் ஊற்றினாள். சீப்பை வீசிய கைக்கு ஏதாவது பரிகாரம் செய்ய வேண்டும்போல் இருந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீவிவிட்டாள். கழுத்தில் தடவினாள். முகத்தில் தேய்த்தபோது அவன் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளைபோல் காட்டிக்கொண்டு நின்றான். கடைசியில் விளையாட்டாகக் காதைத் திருகி, காதுக்குப் பின்னாலும் தேய்த்தாள்.

"போதும்," என்றான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு உள்ளங்கையையும் அழுத்தித் துடைத்தான். தூங்குகிற மகளின் தலையை ஒருதரம் தொட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கோடு வெளியேறினான். அவள் வாசல் வரை போய் வழியனுப்பினாள்.

வெயில் ஏறியது. பானு எழுந்து காப்பி குடித்துவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குழாய் உருட்டினாள். இரண்டு பேரும் முழங்காலும் முழங்காலும் இடித்துக்கொள்கிற மாதிரி நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். போன் அடித்தது. குடோனிலிருந்து முனியராஜ்.

"மதினி, அண்ணனுக்கு மேலுக்கு முடியலையா? இன்னும் வரலையே. மொதலாளி கேக்காரு."

"காலையிலயே கெளம்பிட்டாகளே."

"இல்ல மதினி, இங்கன வரல. போன் போட்டுப் பாத்தேன். அடிக்குது, எடுக்க மாட்டேங்காரு."

மாடத்தி போனைக் கீழே வைத்தாள். வத்தல் எரிச்சலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்கிறவன் உள்ளங்கையில் இருக்கிற எண்ணெயை எதற்காகத் துடைக்க வேண்டும்? எரிகிறதே கைதானே. மூட்டை தூக்குகிறவன் துடைக்கமாட்டான். மருந்தைத் தொடப்போகிறவன்தான் துடைப்பான்.

"என்னம்மா?" என்றாள் பானு. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு வேறெதையும் கேட்கத் தேவைப்படவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் மெயின்ரோட்டைப் பார்த்து ஓடினாள்.

மாடத்தி அவன் நம்பரை அழுத்தினாள். மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள், மறுபடியும் அடித்து ஓய்ந்தது. தெருவுக்கு வந்து ஆனைக்குட்டம் பக்கம் பார்த்தாள். வானம் வெளுத்துக் கிடந்தது, புகை ஒன்றும் இல்லை. மகளின் பின்னால் ஓட ஆரம்பித்தாள். ஓட ஓட போன் கையிலிருந்து வழுக்கியது. அவள் கையில் இன்னும் எண்ணெய் இருந்தது. முகம், கழுத்து, முழங்கை, காதுக்குப் பின்னால் என்று ஓரிடம் விடாமல் அவள்தான் தேய்த்து அனுப்பியிருந்தாள்.