சுண்ணாம்பு மூடின எழுத்து

தண்ணி ஊத்தினா எழுத்து தெரியுது. காஞ்சா மறைஞ்சு போயிருது.

அமென்சே இன்னொரு வாளியத் தூக்கி வாசச்சுவர் மேல வீசினா. நனைஞ்ச சுண்ணாம்புக்குள்ள இருந்து செவப்பு எழுத்து மங்கலா மேல வந்துச்சு. ‘இந்த வீடு விற்பனைக்கு…’ அவ்வளவுதான். மீதியத் தெரிய வைக்கறதுக்குள்ள முன்பாதிய வெயில் குடிச்சிருச்சு. நகத்தால சொரண்டிப் பாத்தா. விரல் எரிஞ்சதுதான் மிச்சம்.

“சித்தப்பா! அளக்கறத நிறுத்தச் சொல்லுங்க சித்தப்பா!”

உயி சித்தப்பா திரும்பிக்கூடப் பாக்கல. அவ அப்பாவோட தம்பி அவரு. தோட்டத்துல ஒருத்தன் அளவு நாடாவ இழுத்துக்கிட்டுப் பின்பக்கமாவே நடந்து, உகுக் கீரைப் பாத்தியில கால வச்சான். பாத்திக்கு வரப்பா அவ தலைகீழாப் புதைச்சு வச்சிருந்த காலி பாட்டிலெல்லாம் நொறுங்குச்சு.

எல்லாம் அவ கையால பண்ணினது. தன் தங்கச்சிக்குப் பிரசவம்னு அம்மா உரோமி ஊருக்குப் போயிருக்கா. திரும்பி வந்து வாசல்ல நிக்கறப்ப வாயப் பொளந்துரணும், அதுதான் இவளோட ஆசை. ஒடஞ்ச குழாயக் காய்ச்சின கத்தியால ரெண்டாப் பொளந்து, தகரக் கூரை ஓரத்துல கட்டி, மழைத்தண்ணி டிரம்முக்குப் போற மாதிரி செஞ்சா. மெக்கானிக் தூக்கிப் போட்ட டயர்ல மண்ணக் கொட்டி வாசனைக்கீரை வச்சா. கடைசியா சுவர். சுண்ணாம்புல உப்பப் போட்டு, மரவள்ளி மாவுக் கஞ்சியக் கலந்து அடிச்சா. மொதப் பூச்சுக்கு எழுத்து மறையல. மறுபடி அடிச்சும் ரத்தக்கறை மாதிரி இளிச்சுது. கஞ்சிய இன்னும் கெட்டியாக் காய்ச்சி அப்பினா பாருங்க, அப்பத்தான் அடங்குச்சு.

பெனின் நகரத்துல எந்தத் தெருவுக்குப் போனாலும் சுவத்துல ‘விற்பனைக்கு அல்ல’ங்கற அந்த எழுத்து இருக்கும். பாத்துப் பாத்து, அதப் படிக்கறதையே கண்ணு விட்டுருச்சு. இவளுக்கு அது அப்பா கோணல் மாணலா எழுதி, பெயிண்ட் வழிய விட்ட அசிங்கம். ஒரு குடும்பம் சாவுக்குப் போன நேரம் பாத்து எவனோ அவங்க வீட்டையே வித்துட்டான்னு கேள்விப்பட்டுத்தான் அப்பா பிரஷ்ஷ எடுத்தாரு. அது அவ ஞாபகத்துக்கே வரல. அப்பாவும் போன மழைக்காலத்துல போய்ச் சேந்துட்டாரு.

“பாப்பா, நான் திருடன் இல்ல.” வீட்ட வாங்க வந்த ஓக்பெய்டே தொப்பியால விசிறிக்கிட்டே கிட்ட வந்தாரு. “போன வாட்டி உங்க சித்தப்பா கூட்டிட்டு வந்தப்ப, சுவத்துல எழுத்தப் பாத்ததும் வண்டியத் திருப்பிட்டேன். எழுத்து இருக்கற வீட்ட எவன் தொடுவான்? இன்னைக்கு வந்தா பளிச்சுன்னு வெள்ளை. வீட்டு ஆளுங்களே அழிச்சா சம்மதம்னுதானே அர்த்தம்?”

“இல்லைங்கய்யா… அது… அழகுக்கு அடிச்சது.”

“அழகுக்கா?”

“சின்னப் புள்ளைதாங்க,” சித்தப்பா சிரிச்சுக்கிட்டே குறுக்க வந்தாரு. “வீட்ட விட்டுப் போகணுமேன்னு பொலம்புது. அண்ணி சொல்லித்தான் அடிச்சா.”

“பொய்யி! அம்மாவுக்குத் தெரியவே தெரியாது!”

“அம்மாகிட்டக் கேக்காமலா அழிச்ச?” ஓக்பெய்டே புருவத்தத் தூக்கினாரு.

அமென்சே சுவத்தப் பாத்தா. என்ன சொன்னாலும் தன் தலையிலதான் வந்து விடியுது.

எதிர்வீட்டு வாசல்ல அக்கரா சுட்டுக்கிட்டிருந்த எஹியம்மா கரண்டிய ஆட்டினா. அமென்சேயோட அம்மாவுக்குப் போன் போட்டுப் போட்டு லைன் கிடைக்காத எரிச்சல் வேற. “ஏன் உயி, அண்ணன் காரியத்துக்கு ஒரு நாற்காலி தூக்கிப் போட வரல நீ. வீட்ட விக்க மட்டும் சட்டையத் தேச்சுப் போட்டுக்கிட்டு வந்துட்டியா?”

“பயறு வடை கருகுது, அதப் பாருக்கா.”

“கருகினா உனக்கு ஓசியாத் தரேன், தின்னுட்டுப் போ!”

அமென்சே ஓடிப் போயி அவ அடுப்புக்குப் பக்கத்துல கெடந்த கரித்துண்ட எடுத்துக்கிட்டு வந்தா. ஈரம் காஞ்ச எடமாப் பாத்து எழுத ஆரம்பிச்சா. வெள்ளைச் சுவத்துல கரி நல்லாப் புடிச்சுது. ‘இந்த வீடு விற்பனைக்கு அல்ல.’ அப்பா எழுத்தவிடப் பெருசு. நாடா புடிச்சவன் அப்படியே நின்னுட்டான். ரோட்டுல போன ரெண்டு பொம்பளைங்களும் நின்னாங்க.

ஓக்பெய்டே அத வாய்விட்டுப் படிச்சாரு. “முன்ன இதுக்குக் கீழ இன்னொரு வரி இருந்துச்சே பாப்பா. ‘குடும்பத்தாரின் உத்தரவுப்படி’ன்னு. அது இல்லேன்னா வெறும் கிறுக்கல்தான். கரி கிடைச்சா யாரும் கிறுக்கலாம்.”

அவ குனிஞ்சு ‘குடும்பத்தாரின்’னு எழுதினா.

“எழுதுடி, நல்லா எழுது!” சித்தப்பா கையத் தட்டினாரு. “நான் என்ன, தெருவுல போறவனா? உங்கப்பன் கூடப் பொறந்தவன்டி. நானும் குடும்பம்தானே? நான் போட்டேனா அந்த உத்தரவ?”

கரி சுவத்துலயே நின்னுச்சு. அமென்சே திரும்பி எஹியம்மாவப் பாத்தா. அவ கருகின வடைய எண்ணெயில இருந்து அள்ள ஆரம்பிச்சிருந்தா.

ஓக்பெய்டே சிரிக்கல. தொப்பியக் கக்கத்துல வச்சுக்கிட்டு அவ பக்கத்துல வந்து நின்னாரு.

“நீயே சொல்லும்மா. உங்கப்பா இருந்தவரைக்கும் அது அவரு உத்தரவு. இப்ப நீ எழுதறது யாரோட உத்தரவு?”