மதாம் லியோனியின் சாவி

சாவி ஒரு சுத்தியல் கனம் இருந்தது. மார்செலின் அதை மேயர் ஃபெர்னானின் மேசைமேல் வைத்தாள்.

"பத்தே முக்காலுக்கு பஸ். நாளைக்கு நாந்த் நகரத்துல என் தம்பி கல்யாணம். இதை நீ வச்சுக்கோ."

ஃபெர்னான் சாவியைத் தொடவில்லை. முதல் வகுப்பிலிருந்து அவளோடு படித்தவன்.

"அவனுக்குத்தான் பத்து வருஷம் முன்னாடியே கல்யாணம் ஆச்சே?"

"ஆச்சு. இந்தச் சாவியாலதான் அதுக்கும் போகல. இப்ப அவனுக்கு ஐம்பத்தெட்டு வயசு. மூணாவது தடவையும் பண்ணுவான்னு நம்பி உட்கார முடியுமா?"

"இன்னிக்கும் நாளைக்கும் பாரம்பரிய தினம், மார்செலின். வருஷத்துல இந்த ரெண்டு நாள்தான் தேவாலயத்தைப் பார்க்க நம்ம ஊருக்குக் கூட்டமே வருது."

ஊரில் மொத்தம் நாற்பத்தொரு பேர். எண்ணூறு வருடத்துத் தேவாலயம் ஒன்று. அதற்கு எதிர்வீட்டுச் சுவரில் எனாமல் தகடு: 'சாவி இங்கே. மதாம் லியோனி.' லியோனி மார்செலினின் மாமியார். அவர் கண்மூடியதும் வீடும் தகடும் சாவியும் மருமகள் தலையில் விழுந்தன. பதினோரு வருடமாக மார்செலின் சந்தைக்குப் போனாலும் பாதியில் ஓடி வருவாள். சூப்பில் கரண்டியை வைத்தால் போதும், சாவி கேட்டுக் கதவு தட்டப்படும்.

"அந்தப் பூட்டு உனக்குத்தானே வழிவிடும்?" என்று குழைந்தான் ஃபெர்னான்.

"பழகிக்க யாரும் வரல. அதான்."

"இந்த ஒரு தடவை மட்டும்."

"பதினோரு தடவை சொல்லிட்டே. சரி, என் சுவர்ல இருக்கிற தகட்டையாவது கழட்டிடறேன்."

"அதைத் தொடாதே. பாதுகாக்கப்பட்ட பொருள்கள் பட்டியல்ல இருக்கு. நகர்த்தணும்னா மேலிடத்துக்கு எழுதணும். பதில் வர ஆறு மாசம் ஆகும்."

பெருமையோடு அந்தப் பட்டியலை எடுத்து விரித்தான். மார்செலின் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். தேவாலயம், சுவர் ஓவியம், மணி, நீரூற்று, தகடு. கடைசி வரி வரை விரலை ஓட்டினாள்.

"என் பேர் எங்கே?"

"உன் பேர் எதுக்கு இதுல?"

"அப்ப என்னை நகர்த்த யார் அனுமதியும் வேண்டாம்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். தேவாலய வாசலில் இருபது பேர் காத்திருந்தார்கள். தொப்பி போட்ட ஒரு பெண் ஓடி வந்தாள்.

"நீங்கதானே மதாம் லியோனி?"

இத்தனை வருடமும் ஆமாம் என்றுதான் சொல்லியிருக்கிறாள். விளக்கிச் சொல்ல நேரம் பிடிக்கும்.

"அவங்க கல்லறையில இருக்காங்க. சாவி மேயர்கிட்ட இருக்கு."

சதுக்கத்தில் பஸ் வந்து நின்றது. அவள் படியில் கால் வைத்தபோது, வாசலில் நின்று பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஃபெர்னான் கத்தினான்.

"பாதிக்கு மேல திரும்பல, மார்செலின்."

"தோளால கதவைத் தூக்கு. சாவியை அரைச் சுற்று பின்னாடி, அப்புறம் முன்னாடி."

"எந்தத் தோள்?"

பதில் சொன்னால் எந்தப் பக்கம் நிற்பது என்று கேட்பான். பிறகு இறங்கிக் காட்ட வேண்டிவரும். அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள்.

பஸ் நகர்ந்தது. ஜன்னலில் ஃபெர்னான் சின்னதாகிக்கொண்டே போனான். தவறான பக்கம் சாய்ந்து முட்டிக்கொண்டிருந்தான்.

மடியில் கிடந்த மார்செலினின் வெறுங்கை அரைச் சுற்று பின்னால் திரும்பியது. வலது தோள் தானாக உயர்ந்தது.