இடம் பத்து, வலம் பத்து

மூன்று மாதத்துக்கு முன்னால் அந்தப் பெண்குதிரை தன் பயிற்சிக்காரியைத் தூக்கி மணலில் போட்டது. உடைந்த தோள்பட்டை எலும்பு கூடிவிட்டது; பயம் மட்டும் போகவில்லை. யாரிடமாவது சொன்னாளா? மூச்சு விடவில்லை. அன்றிலிருந்து மேலே ஏறாமல், தரையில் நின்றபடியே தினமும் ஒரே பாடம்தான். இடப்பக்கம் பத்துச் சுற்று, வலப்பக்கம் பத்துச் சுற்று, கடைசியில் குறுக்குக் கம்பைத் தாண்டல். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால்தான் அவளுக்குத் தைரியம்.

லாயத்தை நடத்துகிற அக்கா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

"ஒரு நாளாவது வேற ஏதாவது செய்யேன்டி. வெளிய கூட்டிட்டுப் போ. பாதியில நிறுத்திப் பாரு. அது உன் பேச்சைக் கேக்கல, வாய்ப்பாடு ஒப்பிக்குது."

"நல்லாத்தானேக்கா ஓடுது" என்பாள் இவள். சப்பைக்கட்டு கட்டுவதில் கெட்டிக்காரி.

அன்று காலை அக்கா வேலியோரம் வந்து நின்றாள். "ஏறு, நான் பாக்கறேன்."

இவள் பக்கத்தில் நின்ற தன் பதினொரு வயது மகளைக் காட்டி, "இவ ஏறட்டும்க்கா, இவளும் பழகணும்ல" என்றாள். குட்டைக் குதிரையைத் தவிர வேறெதிலும் ஏறாத பிள்ளை அது. இப்படியும் ஒரு தாய் உண்டா?

இடப்பக்கம் பத்தும் ஒழுங்காக முடிந்தது. வலப்பக்கம் எட்டாவது சுற்றில் மகளின் கால், மிதித்திருந்த அங்கவடி வளையத்திலிருந்து நழுவியது. உடம்பு ஒருபக்கமாகச் சரிய, கடிவாள வாரை விட்டுவிட்டுக் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"நில்லு, நில்லு" என்று தாய் கத்தினாள். குதிரை காதைக்கூட அசைக்கவில்லை. இன்னும் இரண்டு சுற்று பாக்கி இருக்கிறதே. பாதியில் நிற்க அதற்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

ஒன்பது. பத்து. அடுத்தது கம்பு. தாவினால் பிள்ளை தலைகுப்புற விழுவாள். அக்கா வேலியேறிக் குதித்து ஓடிவந்தாள், ஆனால் தூரம் அதிகம். கம்பை உருவிப் போட இவள்தான் ஓடினாள். கம்புக்கு முன்னால் போனதும் தொப்பென்று மணலில் உட்கார்ந்துவிட்டாள். குளம்புச் சத்தம் நேராக அவளை நோக்கி வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

முகத்தில் சூடான மூச்சு பட்டது. இந்த மூன்று மாதத்தில் பார்த்திராதபடி கம்புக்கு முன்னால் ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் குதிரை தானாகவே நின்று, தலையைத் தாழ்த்தி அவளை முகர்ந்துகொண்டிருந்தது. அக்கா மூச்சிரைக்க வந்து வாரைப் பிடித்தாள்.

"எழுந்திரும்மா" என்றாள் மகள், கழுத்தை விடாமல். "ஏன் உக்காந்துட்ட?"

"பயம்டி. இது என்னைத் தள்ளிவிட்டதுலேருந்து பயம். ஏறணும்னு நினைச்சாலே உயிர் போகுது."

மகள் குதிரையின் கழுத்தை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அதனாலதான் என்னை ஏறச் சொன்னியா?"

அக்கா திரும்பி இவளைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள் இவள்.