கொண்டியைத் தூக்கும் விதம்

மர்மக் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. செய்து பார்க்காமல் எழுத மாட்டார்கள். எழுதினால் வாசகர்கள் சும்மா விடுவார்களா, பிய்த்து உதறிவிடுவார்கள்! இவளும் அப்படித்தான். மாடிப்படியை எத்தனை விநாடியில் இறங்கலாம் என்று கடிகாரத்தோடு ஓடி மூச்சு வாங்குவாள். தபால்காரர்கூட "கொலைகாரம்மா, லெட்டர்!" என்றுதான் கூப்பிடுவார்.

போன மாதக் கதைக்கு அக்கா வீட்டுப் பின்கதவில் செய்து பார்த்தாள். இடுக்கில் ஸ்கேலை விட்டு நெம்பினால் உள்கொண்டி தூக்கிக்கொள்ளும். முன்வாசல் சாவி தொலைந்த அன்று அக்காவே காட்டிய வித்தை அது. அக்கா தனிக்கட்டை. காலையில் மருந்துக்கடை வேலை. மதியம் சாப்பிட்டதும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தூங்கிவிடுவாள். கதையில் ஊரை மாற்றினாள், வேலையை மாற்றினாள், இரும்பு ஸ்கேலைப் பிளாஸ்டிக் ஆக்கினாள். கொண்டியையும் பஞ்சையும் மட்டும் தொடவில்லை. தொட்டால் கதை ஒட்டாதே! அந்தத் தூக்கத்திலேயே தலையணையை அமுக்கிக் கொன்றும்விட்டாள், தங்கையின் கையால். யாரும் சந்தேகப்படாத ஆள்தானே கொலையாளியாக இருக்க வேண்டும்?

இன்று மதியம் வந்த கடிதத்தில் பெயர் இல்லை. டைப் அடித்திருந்தது.

"அம்மா, உங்கள் கதையில் ஒரு பிழை. பிளாஸ்டிக் ஸ்கேல் வளைகிறது. இரும்பு ஸ்கேல்தான் சரி. நீங்கள் தினமும் போகும் வீட்டிலேயே நேற்று முயன்று பார்த்தேன். உங்கள் அக்கா இடப்பக்கம் அல்ல, வலப்பக்கம் சாய்ந்து தூங்குகிறார். கதையின் முடிவையும் சரிபார்த்துவிட்டு எழுதுகிறேன்."

இவள் அக்காவுக்குப் போன் போட்டாள். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. மணி இரண்டு பத்து. காலுக்கு ஒரு செருப்பாக மாட்டிக்கொண்டு ஓடினாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்; இந்தப் பாவி வாயால் கெடப்போவது அக்காவல்லவா?

பின்கதவு விளிம்பில் பெயிண்ட் பெயர்ந்து புதுக் கீறல். தள்ளினாள். உள்ளே ஏதோ கனமாக முட்டுக் கொடுத்திருந்தது.

"அக்கா! அக்கா, நான்தான்!"

"போயிடு."

உயிரோடு இருக்கிறாள்!

"அக்கா, கதவைத் திற. நேத்து ஒருத்தன் உள்ள வந்திருக்கான். நீ தூங்கும்போது..."

"தெரியும். எந்திரிச்சுப் பாத்தா கதவு தொறந்து கெடந்துச்சு." அக்காவின் குரல் உடைந்தது. "அப்புறம்தான் நீ எங்கிட்ட காட்டாமலே அச்சுக்குக் குடுத்த கதைய எடுத்துப் படிச்சேன். அது என் வீட்டுக் கொண்டின்னு உனக்கும் எனக்கும் மட்டும்தானேடி தெரியும்? நான் உனக்கு என்ன குறை வச்சேன்?"

"ஐயோ, அது வெறும் கதைதான்க்கா! வாயில வந்ததைப் பேசாத. இந்தா, அவன் எழுதுன லெட்டர். படிச்சுப் பாரு."

கதவுக்கு அடியில் தள்ளினாள். உள்ளே காகிதம் சரசரத்தது.

"இதையும் நீதானே எழுதினே?" என்றாள் அக்கா.

இவள் இருபது வருடமாக முகம் தெரியாத கொலைகாரர்கள் பெயரில் இப்படி எத்தனை கடிதம் எழுதியிருப்பாள்! அத்தனையையும் அச்சுக்குப் போகும் முன் படித்துவிட்டு, "அப்படியே நெசம் மாதிரி இருக்குடி" என்று மெச்சியவளும் இதே அக்காதான்.

போலீசுக்குப் போன் போட்டாள். வருகிறோம் என்றார்கள். விட்டுப் போகப் பயம், போனால் கதவுக்குக் காவல் யார்? படியில் உட்கார்ந்து கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். சந்தில் யார் போனாலும் முதலில் கையைப் பார்த்தாள்.

ஓர் ஆள் நடந்து வந்தான். கை இரண்டும் பாக்கெட்டில். இவளைக் கண்டதும் நின்றான். பிறகு கதவைப் பார்த்தான். அங்கேயே நின்றான்.

"அக்கா," என்று அழுதுகொண்டே கதவைத் தட்டினாள். "அவன்னு நெனைக்கிறேன். என்னை உள்ள விடுக்கா!"

உள்ளே இன்னொரு சாமான் கரகரவென்று இழுபட்டு வந்து கதவோடு மோதி நின்றது.